முதுகில் வளரும் பிள்ளைகள்

கார்த்திகை மழையில் எங்கள் ஊர்க் குளம் பெருகி, மறுகால் பாய்ந்து ஓய்ந்திருந்த நேரம். கரையில் தகப்பனும் மகனுமாக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பையன் கையை நீட்டி, "அப்பா, அங்க பாருங்க, வாத்துக்குஞ்சு!" என்றான். தகப்பன் பார்ப்பதற்குள் அது தலைகுப்புற முங்கிவிட்டது. இருவரும் முங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து, இருபது விநாடி கழித்து, அவர்கள் பார்க்காத ஒரு பக்கத்தில் அது தக்கை மாதிரி மேலே வந்தது.

அது வாத்தும் இல்லை, குஞ்சும் இல்லை. முழுதாக வளர்ந்த முக்குளிப்பான். மொத்த நீளமே ஒரு சாண் சொச்சம்தான். எடை கால் கிலோவுக்கும் குறைவு. வாலென்று சொல்ல எதுவும் இல்லை. பின்பக்கம் உருண்டையான ஒரு பஞ்சுப் பொதி. இனப்பெருக்கக் காலத்தில் கன்னமும் கழுத்தும் செங்கல் நிறமாகிவிடும். அலகின் அடியில் ஒரு மஞ்சள் பொட்டு தெரியும். நம் குளங்களில் ஆண்டு முழுக்க இருக்கிற பறவை. இருந்தும், ஒரு வாத்துக்குஞ்சு என்ற அளவிலேயே பலர் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

அந்தக் கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசி வரை, ஒரே ஒரு முக்குளிப்பான் குடும்பத்தை நான் பார்த்தேன். கையில் ஒரு பைனாகுலரும் நோட்டும். கரையிலிருந்து கூட்டுக்கு அறுபது மீட்டர் இருக்கும். அதைவிட நெருங்க நான் முயலவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கூடு கட்டிய இடம், குளத்துக்குள் பாதி முழுகி நின்ற ஒரு நாட்டுக் கருவேல மரத்தின் தாழ்ந்த கிளை. ஆணும் பெண்ணும் மாறி மாறி முங்கி, அடியில் அழுகிக் கிடந்த பாசியையும் கோரைத் தாளையும் அலகில் அள்ளிவந்து அந்தக் கிளைமேல் குவித்தன. பார்க்கக் கூடு மாதிரியே தெரியாது. காற்றில் ஒதுங்கிய குப்பை என்றுதான் நினைக்கத் தோன்றும். அந்தக் குவியல் தண்ணீரில் மிதக்கிறது. கிளையில் சிக்கியிருப்பதால் அடித்துக்கொண்டும் போவதில்லை. இடையில் இரண்டு நாள் மழை வலுத்து நீர்மட்டம் ஏறியபோது கூடும் கூடவே ஏறியது. மரத்தில் கட்டிய கூட்டுக்கோ கரைப் புல்லில் கட்டிய கூட்டுக்கோ இந்த வசதி கிடையாது.

தண்ணீர்மேலேயே ஏன் கட்ட வேண்டும்? காரணம் அதன் காலில் இருக்கிறது. முக்குளிப்பானுக்குக் கால்கள் உடம்பின் கடைசியில், ஏறக்குறைய வால் இருக்கவேண்டிய இடத்தில் அமைந்திருக்கின்றன. மோட்டார் படகுக்கு விசிறி பின்னால் இருப்பது போல, முங்கி நீந்தும் உடம்புக்கு இதுதான் சரியான இடம். வாத்துக்கு விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு. இதற்கு அப்படியில்லை, ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாக இலை மாதிரி மடல் விரிந்திருக்கும். உதைக்கும்போது மடல் விரிந்து நீரைத் தள்ளும். காலை முன்னால் இழுக்கும்போது மடங்கிக்கொள்ளும். கணுக்காலும் கத்தி அலகு போலத் தட்டையானது என்பதால் நீர் தடுப்பதில்லை. ஆனால் இதே கால் தரைக்கு ஆகாது. கரையேறினால் நாலு எட்டு வைப்பதற்குள் தடுமாறி விழும். ஆகவே சாப்பாடு, தூக்கம், காதல், முட்டை, பிள்ளை எல்லாமே தண்ணீரில்தான்.

மார்கழி 6-ஆம் தேதி முதல் முட்டை. தொலைவிலிருந்தே பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. பத்தாம் தேதிக்குள் நான்கு ஆகிவிட்டன. ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. ஒரு வாரம் போவதற்குள் அவை வெள்ளை மாறி மண் நிறத்துக்கு வந்திருந்தன. அழுகும் பாசியின் சாயம் ஏறியதால் வந்த நிறம் அது. கூட்டை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் பறவை பக்கத்தில் கிடக்கும் ஈரப் பாசியை அலகால் இழுத்து இழுத்து முட்டைகளை மூடுகிறது. நாலைந்து இழுப்பில் வேலை முடிந்துவிடும். பிறகு பார்த்தால் அங்கே முட்டை இருந்த அடையாளமே இருக்காது. தலைக்குமேல் பறக்கும் காகத்துக்கு அது வெறும் குப்பை. கூடவே, மட்கும் தாவரம் கொஞ்சம் வெப்பத்தையும் தருகிறது. திரும்பி வந்ததும் போர்வையை விலக்கிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது.

எந்நேரமும் ஈரத்தில் கிடக்கும் முட்டை மூச்சு விடுவது எப்படி? முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவை வழியாகத்தான் உள்ளிருக்கும் கரு உயிர்வளியை வாங்குகிறது. துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் கரு மூச்சுத்திணறிச் சாகும். முக்குளிப்பான் முட்டையின் ஓட்டுக்கு மேல் சுண்ணாம்பு பூசியது போன்ற இன்னொரு மெல்லிய படலம் இருக்கிறது. கால்சியம் பாஸ்பேட்டால் ஆன இந்தப் பூச்சு நீர் புகாமல் துளைகளைக் காக்கிறது என்று கருதுகிறார்கள். இதே மாதிரிப் பூச்சு இன்னொரு பறவையின் முட்டையிலும் உண்டு. அது தூத்துக்குடி உப்பளங்களுக்கும் கோடியக்கரைக்கும் வந்து நிற்கும் பூநாரை. ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த இளஞ்சிவப்புப் பறவைக்கும் சாண் உயர முக்குளிப்பானுக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2001-இல் வெளியான மரபணு ஆய்வு, உயிரோடிருக்கும் பறவைகளில் இவ்விரண்டு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சொந்தம் என்று காட்டியது. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே உறுதிசெய்தன. எனக்கு இன்றும் வியப்பு தீராத உறவு இது.

முக்குளிப்பான் எல்லா முட்டையும் இட்டு முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. முதல் முட்டைகளோடு அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். அடைக்காலம் மூன்று வாரத்தை ஒட்டி. போகிக்கு முந்தைய நாள் மூத்தது பொரித்தது. மாட்டுப் பொங்கலன்று மூன்றாவது. நான்காவது பொரிக்கவில்லை. மூன்றும் தண்ணீருக்கு வந்ததும் தாயும் தகப்பனும் கூட்டையும் அந்தக் கடைசி முட்டையையும் விட்டுவிட்டன. இந்தப் பறவைக் குடும்பத்தில் அது வழக்கம்தான். நீரில் இறங்கிய பிள்ளைகளைக் காப்பதா, கூட்டில் கிடக்கும் ஒரு முட்டைக்காக அங்கேயே அடைந்து கிடப்பதா என்று வந்தால், பிள்ளைகள் பக்கமே தராசு சாயும்.

குஞ்சின் அழகைச் சொல்லாமல் போக முடியாது. கறுப்புத் துணியில் வெளிர்க் கோடு போட்டது போல உடம்பு. தலையிலும் கழுத்திலும் வரி வரியாக வெள்ளை. கோரைத் தண்டுகளின் நிழலுக்குள் புகுந்தால், கோடு எது, நிழல் எது என்று பிரிக்க முடியாது. பொரித்த சில மணி நேரத்தில் நீந்தத் தெரியும். ஆனால் நீந்துவதில்லை. பெற்றோரின் பின்பக்கம் முண்டி, லேசாகத் தூக்கிக் கொடுத்த இறக்கைக்குள் ஏறி, முதுகுச் சிறகுக்குள் புதைந்துகொள்கிறது. வெளியே தெரிவது ஒரு அலகு நுனி, அல்லது மூன்று தலைகள். தாய் எங்கே போனாலும் குடும்பம் அங்கே போகிறது.

மடை பார்க்கும் பெரியவர் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தம்பி, தெனமும் இங்கனயே நிக்கிய?" என்று கேட்டார். பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "பிள்ளையைத் தூக்கிச் சொமக்குதே!" என்றார். அந்தக் குளத்தை அறுபது வருஷமாகப் பார்ப்பவர். இதை அன்றுதான் பார்த்தார்.

நீந்தத் தெரிந்த குஞ்சை ஏன் சுமக்க வேண்டும்? முதலைக்கும் பருந்துக்கும் பயந்து என்று யோசிப்போம். நம் குளத்தில் முதலை இல்லை, பருந்து உண்டு, அதுவும் ஒரு காரணம். ஆனால் முதற்காரணம் குளிர். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்பு சிறிதாகச் சிறிதாக, எடைக்கு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும். சூடும் அந்த அளவுக்கு வேகமாக வெளியேறும். ஒரு அண்டா வெந்நீர் ஆற ஒரு மணி நேரம் ஆகிறது, ஒரு தம்ளர் வெந்நீர் சீக்கிரமே ஆறிவிடுகிறது அல்லவா, அதே கணக்குத்தான். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இந்தக் குஞ்சால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முதல் நாட்களில் முடியாது. மார்கழி, தை மாத விடியலில் குளத்து நீரில் விட்டுவைத்தால் அது விறைத்துப்போகும். ஆக, பழைய கூடு முடிந்ததும் பெற்றோரின் முதுகே சூடான புதுக் கூடாகிறது.

ஒன்று முதுகில் சுமக்க, மற்றொன்று முங்கி இரை கொண்டுவரும். சிறிது நேரத்தில் வேலையை மாற்றிக்கொள்ளும். சுமக்கிற பறவை எழுந்து சிறகை உதறினால் குஞ்சுகள் நீரில் சரியும். உடனே இன்னொரு முதுகைத் தேடி ஓடும். முதலில் தட்டான் புழு, சிறு இறால், நீர்ப்பூச்சி. பத்து நாளுக்கு மேல் தலைப்பிரட்டை, சின்ன மீன். பெரிய முக்குளிப்பான் என்ற உறவினப் பறவை, பொரித்த ஓரிரு நாளிலேயே குஞ்சுக்குத் தன் இறகையும் பிய்த்து ஊட்டும். இரைப்பையில் அது பந்தாகச் சேர்ந்து, மீன்முள் குடலைக் கிழிக்காமல் காக்கும் என்பது பொதுவான விளக்கம். நம் சிறிய முக்குளிப்பான் பூச்சியையே அதிகம் தின்பது. இறகு தின்னும் வழக்கம் இதற்குக் குறைவு.

அதே குளத்தில் அதே மாதங்களில் வேறு பிள்ளைகளும் வளர்ந்தன. ஒப்பிட்டுப் பார்க்க எனக்குக் கிடைத்த நல்வாய்ப்பு அது. புள்ளிமூக்கு வாத்தின் குஞ்சுகள் பொரித்த மறுநாளே வரிசையாகத் தாய் பின்னால் போய்த் தாமே மேய்ந்தன. தாய் ஒரு வாயும் ஊட்டுவதில்லை. காவல் மட்டும்தான், தகப்பனுக்கு அதிலும் பெரிய பங்கில்லை. தாழைக்கோழியின் குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் ஊட்டும். அத்தோடு, முன் ஈட்டில் பிறந்த அண்ணன் அக்காக்களும் வந்து தம்பி தங்கைகளுக்கு ஊட்டும். ஆகாயத்தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியின் கதை இன்னும் புதுமை. பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் வளர்ப்பதும் தகப்பன். ஆபத்து வந்தால் தாமிர இறக்கை இலைக்கோழித் தகப்பன் குஞ்சுகளை இறக்கைக்கடியில் இடுக்கிக்கொண்டு ஓடும். நீண்ட குச்சிக் கால்கள் மட்டும் வெளியே தொங்கும். ஒரே நீர், ஒரே பருந்து, ஒரே குளிர். ஆனால் பிள்ளை வளர்ப்பில் நான்கு வழிகள். எது சிறந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. வாத்துக்குஞ்சின் தீனி நீர்மேலேயும் ஓரத்திலும் கிடக்கிறது. முக்குளிப்பான் குஞ்சின் தீனியோ அடியில் ஓடி ஒளிகிறது. முங்கக் கற்கும்வரை அதற்கு யாராவது எடுத்துத் தந்தாக வேண்டும்.

முங்கக் கற்பதுதான் பெரிய பாடு. குஞ்சின் பூஞ்சிறகு முழுக்கக் காற்று. தக்கையைத் தண்ணீருக்குள் அமுக்கினால் எப்படி வெளியே துள்ளுமோ, அப்படித் துள்ளிவிடும். மூத்த குஞ்சு முதல் முதலாகத் தலையை உள்ளே விட்டுக் காலை மேலே உதைத்ததை நான் பத்தாவது நாள் பார்த்தேன். உடம்பு அசையவே இல்லை. வளர்ந்த பறவைக்கு ஒரு வித்தை தெரியும். சிறகுகளை உடம்போடு இறுக்கி உள்ளே இருக்கும் காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிட்டு, சத்தமில்லாமல், அலையில்லாமல் அப்படியே அமிழ்ந்துவிடும். ஆபத்து நேரத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். குஞ்சுக்கு இது வர வாரங்கள் பிடித்தன. இடையில் பெற்றோரும் முறையை மாற்றின. வாயில் வைத்த மீனை நேராக ஊட்டாமல் குஞ்சின் முன்னால் நீரில் போட்டன. மீன் நழுவும், குஞ்சு பாயும், தவறவிடும். பெற்றவர் மறுபடி பிடித்து வந்து போடும். ஒரு காலையில் ஒரே சிறு மீன் இப்படி ஏழு முறை போடப்பட்டதை எண்ணினேன்.

தை 14-ஆம் நாள் நடுக்குஞ்சு போனது. பருந்து ஒன்று வட்டமிட்டுத் தாழ்ந்தது. தகப்பன் கூர்மையாக ஒரு குரல் கொடுத்தது. மற்ற இரண்டும் கோரைக்குள் புகுந்துகொண்டன. இது திறந்த நீரில் முங்கப் பார்த்தது, முங்க முடியவில்லை. அவ்வளவுதான். இன்னும் ஒரு வாரம் வளர்ந்திருந்தால் முங்கியிருக்கும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மிஞ்சிய இரண்டையும் அதன்பின் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டன. மூத்தது தகப்பனோடு, இளையது தாயோடு. முக்குளிப்பான் குடும்பத்தில் இப்படிப் பங்கிடுவதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். பங்கு பிரியாவிட்டால் மூத்தது இளையதை விரட்டிவிட்டு எல்லா இரையையும் பிடுங்கிக்கொள்ளும். பிரித்தபின், தாய் தன் பங்குக் குஞ்சை மட்டுமே கவனித்தது. மற்றது வந்து கெஞ்சினால் கொத்தி விரட்டியது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் இளையது பிழைத்ததற்கு அந்தக் கொத்துதான் காரணம் என்று நம்புகிறேன்.

இப்படிக் கரையில் நின்று ஒரு பறவைக் குடும்பத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1912-இல் இங்கிலாந்தின் டிரிங் நீர்த்தேக்கத்தில் ஜூலியன் ஹக்ஸ்லி பெரிய முக்குளிப்பான்களை இதே மாதிரிதான் பார்த்தார். அவர் 1914-இல் வெளியிட்ட கட்டுரை, விலங்குகளின் நடத்தையை ஆராயும் அறிவியலுக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மாசி பிறந்ததும் குளத்துநீர் இறங்கத் தொடங்கியது. பிசானப் பருவ நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கருவேலங்கிளையில் விட்டுப்போன பழைய கூடு அந்தரத்தில் காய்ந்து தொங்கியது. இந்தக் குடும்பத்தின் கணக்கு முழுக்கத் தண்ணீரின் கணக்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடு கட்ட ஒரு வாரம். முட்டையிட்டுப் பொரிக்க மூன்றரை வாரம். பறக்கும் சிறகு முளைக்க 44 முதல் 48 நாள். ஆக ஏறக்குறைய பதினோரு வாரம் குளத்தில் நீர் நிற்க வேண்டும். நெல் நாற்று நட்டு அறுக்கும்வரை உழவர் நம்பியிருப்பதும் இதே குளத்துத் தண்ணீரைத்தான். முட்டை இருக்கும்போதே நீர் வற்றினால் கூடு தரைதட்டும், கீரியும் நாயும் நடந்தே வந்துவிடும். குஞ்சு சிறகு முளைக்காமல் இருக்கும்போது வற்றினால், நடக்கத் தெரியாத கால்களோடு அதற்குப் போக்கிடமே இல்லை.

மாசி நடுவில் இரண்டு குஞ்சுகளும் நீரின்மேல் நெடுந்தூரம் ஓடி ஓடிச் சிறகடித்துப் பார்த்தன. சின்ன இறக்கை, கனத்த உடம்பு. நீண்ட ஓட்டம் இல்லாமல் மேலெழ முடியாது. கோடுகள் முகத்தில் மட்டும் மங்கலாக மிஞ்சியிருந்தன. மாசி 20-ஆம் தேதி மாலை நான்கும் இருந்தன. மறுநாள் காலை இரண்டே. முக்குளிப்பான் பகலில் நெடுந்தூரம் பறப்பதை அபூர்வமாகவே பார்க்க முடியும். குளம் மாறுவதெல்லாம் இரவில்தான்.

இந்தப் பறவை இன்று அருகிவிட்ட இனம் இல்லை. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் இதன் நெருங்கிய உறவான அலவோத்ரா முக்குளிப்பான், மடகாஸ்கரின் அலவோத்ரா ஏரிப் பகுதியில் மட்டுமே வாழ்ந்தது, 2010-இல் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களும், ஏரியெங்கும் விரித்த நைலான் வலைகளும் காரணங்களில் முக்கியமானவை. முங்கும் பறவை நீருக்குள் வலையைப் பார்ப்பதில்லை. சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாது. நம் குளங்களிலும் மீன் பிடித்து முடிந்தபின் அறுந்த வலைத் துண்டுகள் கருவேல மரங்களில் சுற்றிக் கிடப்பதைப் பார்க்கிறேன்.

அறுபது மீட்டருக்கு மேல் நெருங்கவில்லை என்று சொன்னேன். அதற்குக் காரணம் அந்தப் பாசிப் போர்வை. பறவைக்கு நிதானமாக இறங்க நேரம் கிடைத்தால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். படகோ கேமராவோ திடீரென்று பக்கத்தில் வந்தால் மூடாமல் முங்கி ஓடிவிடும். முட்டை திறந்து கிடப்பதைக் காகம் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது. உங்கள் ஊர்க் குளத்தில் குப்பை மாதிரி ஒரு பாசிக் குவியல் மிதந்தால், கல்லெறியாமல், கிட்டப் போகாமல், கரையிலிருந்தே பாருங்கள். குளத்தில் ஆகாயத்தாமரையையும் கோரையையும் அள்ளும் வேலை வரும்போது, ஊரில் முடிவெடுப்பவர்களிடம் நீர் நிறைந்த மாதங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். அறுந்த வலை கண்ணில் பட்டால் எடுத்துக் கரையில் போடுங்கள்.